மொட்டைக்கழுத்துச் செவலைக்குஞ்சும் என் ஆறாம் விரலும்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஒற்றுக்குப் புள்ளி வைக்க மறப்பேன். முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லுவேன். வயதாகிவிட்டதால் பாதி மறந்தும் போச்சு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். யார் பெயரையும் எழுதப் போவதில்லை. பெயர் இல்லாவிட்டால்தான் எனக்குக் கை ஓடும்.

என் மகன் வயிற்றுப் பேத்தி பாடம் படித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன். அவள் படித்ததைக் கேட்டு, வாய் தவறி ஒரு சேதியைச் சொல்லிவிட்டேன். எழுது அப்பத்தா, எழுது என்று பிடித்துக்கொண்டாள். அந்தப் பாடத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என் கண்ணைச் சொல்ல வேண்டும். எனக்குப் பூனைக்கண். தேன் கலந்த தண்ணீர் மாதிரி வெளிறி, ஓரத்தில் பச்சை ஓடியிருக்கும். என் அப்பாவுக்கு நாவல்பழம் போலக் கறுத்த கண். என்னைப் பெற்றவளுக்கும் அப்படியே. பெற்றவளை எங்கள் வீட்டில் ஆத்தா என்றுதான் கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். எங்கள் தெருவில் ஒருவருக்கும் என் கண் கிடையாது. குன்றாண்டார்கோவில் சந்தைக்குப் போனால் வெற்றிலை விற்கிறவர்கூட வெற்றிலையை எண்ணுவதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். அப்புறம் ஆத்தா முகத்தைப் பார்ப்பார். நான் தரையைப் பார்ப்பேன். இன்றைக்கும் எனக்கு ஆட்களை அவர்கள் காலை வைத்துத்தான் அடையாளம் தெரியும். சிரிக்காதீர்கள், நிசமாகத்தான் சொல்கிறேன்.

பார்ப்பதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. ஆத்தா பிறந்த ஊர் குடுமியான்மலைப் பக்கம். நான் பிறப்பதற்கு முந்தின வருசம் அவள் அங்கே தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது, மலையில் உள்ள கல்லெழுத்தைப் பார்த்து எழுதிக்கொண்டு போக ஒரு வெள்ளைக்காரர் வந்து கூடாரம் போட்டிருந்தாராம். ஊர்ப் பெண்கள் கும்பலாகப் போய் அந்தக் கூடாரத்து ஆட்களுக்கு மோர் விற்றிருக்கிறார்கள். ஆத்தாவும் ஒரு செம்பு மோர் கொண்டுபோனாள். அவ்வளவுதான் சேதி. அந்த வெள்ளைக்காரர் நெட்டையா குட்டையா என்றுகூடத் தனக்குத் தெரியாது, மோரை வாங்கினது சமையல்காரன்தான் என்று ஆத்தா சொல்லுவாள். ஆனால் என் கண் வெளிறியது என்று தெரிந்த பிறகு, அந்த ஒரு செம்பு மோர் எங்கள் தெருவில் தயிராக உறைந்து, வெண்ணெயாகத் திரண்டுவிட்டது. பள்ளிக்கூடத்தில் என்னைத் துரைசாணி என்பார்கள். வாத்தியார் பலகையைப் பார்க்கச் சொல்வார். நான் நிமிர மாட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றதற்குக் காரணம் பலகையைப் பார்க்காததுதான்.

அப்பா என்னை அடித்ததில்லை. ஒரு சொல் சொன்னதில்லை. என்னோடு பேசும்போது என் தலைக்கு மேலே இருக்கிற எதையோ பார்த்துப் பேசுவார். அதற்கு ஒரு அடி போட்டிருந்தால் தேவலை என்று தோன்றும்.

அப்பாவுக்கு இடது கையில் ஆறு விரல். சுண்டுவிரலுக்கு வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டு, நகமும் கணுவுமாக ஒரு குட்டி விரல். ஆண்பிள்ளைக்கு அது ராசி என்பார்கள். எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் யார் நாற்றங்கால் விதைத்தாலும் முதல் கை நெல்லைப் போட அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். ஆறு விரல் போட்டது ஆறாய்ப் பெருகும் என்று ஒரு பேச்சு. அவரும் அன்றைக்குத் தலைப்பாகையை நன்றாகக் கட்டிக்கொண்டு போவார்.

அந்த விரலே ஆத்தாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. எப்படி என்றால், "ஆறு விரலார் மகளுக்கு அஞ்சு விரல்தானே" என்று ஒரு பேச்சு கிளம்பியது. கண் அப்பனைப் போல இல்லை, கையும் அப்பனைப் போல இல்லை. பிறகு எதுதான் அப்பனைப் போல இருக்கிறது என்று கேட்டார்கள். இந்தப் பேச்சு காதில் விழும்போதெல்லாம் ஆத்தா பதில் சொல்ல வாயெடுத்து, மென்று, விழுங்கிவிடுவாள். எதை விழுங்கினாள் என்று எனக்குத் தெரியாது. என் இடது கையில் சுண்டுவிரல் அடியில் ஒரு பச்சைப்பயறு அளவுக்கு மொட்டு மாதிரி இருக்கும். "இது என்னாத்தா?" என்று கேட்டால் "பாலுண்ணி, நோண்டாத" என்பாள்.

இனிக் கோழிக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு ஒரே அக்காள், எனக்கு அத்தை. எங்கள் வீட்டுக்குப் பின்வீடு. கொல்லை வேலியில் ஒரு படல்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவே. மாமா தவறிப்போய் அத்தை ஒரே மகனோடு இருந்தாள். அந்த மகன்தான் எனக்கு முறை மாப்பிள்ளை. பிறந்த அன்றே பேசிவைத்த முறை. என் கண் நிறம் தெரிந்த பிறகு அத்தை அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

மாமா உயிரோடு இருந்தபோது மீமிசலுக்குக் கருவாடு வாங்க வண்டி கட்டிப் போவார். ஒரு தடவை கருவாட்டோடு ஒரு சேவல்குஞ்சையும் கொண்டுவந்தார். கறுப்புச் சேவல், கழுத்தில் மட்டும் ஒரு இறகு கிடையாது. தோல் சிவந்து மொட்டையாக, சவரம் பண்ணியது போல இருக்கும். சுற்றுப்பட்டில் அப்படி ஒரு சேவலை நாங்கள் பார்த்ததில்லை. பிள்ளைகள் அதைக் கோவணாண்டி என்போம்.

அத்தை மகன் அம்மை கண்டு பிழைத்தபோது, வருசா வருசம் ஒரு கறுப்புச் சேவலை அறுப்பதாகக் கருப்பருக்கு வேண்டிக்கொண்டாள் அத்தை. சந்தையில் வாங்கினது ஆகாது. வீட்டிலேயே பிறந்து, ஒரு இறகுகூட வேற்று நிறம் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்காக ஒரு கறுப்புப் பெட்டையை ஆத்தாவிடம் வாரத்துக்கு விட்டாள். வாரம் என்றால், கோழி அவளுடையது, தீனியும் பாடும் எங்களுடையது, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. கூடவே ஒரு கட்டளையும் போட்டாள்.

"பெட்டைய நம்ம கொல்லையை விட்டு விடாத. ஏஞ் சேவலத் தவுத்து ஒண்ணும் அண்டக் கூடாது. கருப்பர் காரியம், பாத்துக்க."

"சரிங்க மதினி" என்றாள் ஆத்தா. அன்று முதல், பெட்டை இரை எடுக்கப் போகிற இடமெல்லாம் பின்னாலேயே போவாள். அவிழ்த்துவிட்ட மாட்டைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. பெட்டை முட்டையிட்டு அடையில் உட்கார்ந்தபோது, உடைந்த பானையில் தவிடு பரப்பி, இடிக்குக் கெட்டுப் போகாமல் இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு வைத்தாள்.

குஞ்சு பொரித்த அன்று காலையில் கோழி கவிழ்க்கிற பஞ்சாரக் கூடையைத் தூக்கிப் பார்த்தது நான்தான். கறுப்புக் குஞ்சுகள். சிலதுக்குச் சாதாரணக் கழுத்து. சிலதுக்குச் சேவலைப் போல மொட்டைக் கழுத்து. அதற்குள்ளே ஒன்று மட்டும் செவலை. முதுகில் கோடு போட்ட செம்பழுப்பு. மேலும் கீழும் பார்த்துக் கீச்சென்றது. அதற்குக் கழுத்து மொட்டை.

எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எதற்கு என்று கேட்டால் அப்போது சொல்லத் தெரியாது. இத்தனை கறுப்புக்கு நடுவே அது ஒன்று இப்படி நிற்கிறதே, இதை எல்லாரும் பார்க்கப்போகிறார்களே என்று, அதை எடுத்து மடியில் போட்டுப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டேன். ஆனால் கோழிக்குஞ்சு மடியில் பேசாமல் இருக்குமா?

அத்தை படலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே, கிணற்றடிக்குப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரியும் குடத்தோடு நுழைந்தாள். எங்கே குஞ்சு பொரித்தாலும் எங்கே பிள்ளை பிறந்தாலும் அவள் முதல் ஆளாக நிற்பாள்.

"மடியில என்ன புள்ள கத்துது?" என்றாள் அத்தை.

நான் தரையைப் பார்த்தேன். அவளே கையை விட்டு எடுத்தாள். எடுத்தவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏடி! இங்கிட்டு வா" என்று ஆத்தாவைக் கூப்பிட்டாள். "இது என்னடி நெறம்?"

ஆத்தா சாணிக் கையோடு வந்தாள். பார்த்தாள். "செவலையா இருக்கு மதினி."

"அது எனக்கும் தெரியுது. கறுப்புக்கும் கறுப்புக்கும் செவலை எப்புடிடி வரும்? பெட்டையத் தெருவுல விட்டிருக்க. எந்தச் செவலச் சேவலோ ஏறியிருக்கு. கருப்பருக்கு நேந்த காரியத்தக் கெடுத்துப்புட்டியே!"

"விடல மதினி. எங்கண்ணு முன்னாடியேதான் திரிஞ்சுச்சு."

பக்கத்து வீட்டுக்காரி குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "வேலி தாண்டுற கோழிக்கு யாரு காவ இருக்க முடியும்? அது வளக்குறவ வாகு" என்றாள்.

ஆத்தா அவள் பக்கம் திரும்பாமல், அத்தை கையிலிருந்து குஞ்சை வாங்கி, அதன் கழுத்தை விரலால் நீவிக் காட்டினாள்.

"மதினி, நெறம் எங்கிட்டு இருந்து வந்துச்சோ எனக்குத் தெரியாது. ஒங்க சேவலோட ஆத்தா என்ன நெறமோ, பெட்டையோட அப்பன் என்ன நெறமோ, நம்ம கண்டமா? ஆனா கழுத்தப் பாருங்க. இந்த ஊருல மொட்டக் கழுத்து வேற எந்தச் சேவலுக்கு இருக்கு? நெறத்த வச்சு அது ஒங்க சேவலோடது இல்லைன்னா, கழுத்து யாரு குடுத்தது?"

ஆத்தா அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அத்தோடு விட்டிருந்தால் எல்லாரும் கலைந்திருப்பார்கள். பக்கத்து வீட்டுக்காரி விடவில்லை.

"அடி ஆத்தி! கோழிக்குஞ்சுக்காச்சும் அப்பன் அடையாளம் கழுத்துல இருக்கு. ஒம் மகளுக்கு எங்க இருக்கு, அதக் காட்டு பாப்போம். கண்ணத்தான் மோருல கழுவியாச்சு. வெரலையுமா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வேலிக்கு அந்தப் பக்கமும் யாரோ சிரித்தார்கள். அப்பா மாட்டுக்கொட்டகையில் நின்றுகொண்டிருந்தார். கையில் வைக்கோல். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் கையிலிருந்த வைக்கோலை மாட்டுக்குப் போடவும் இல்லை.

ஆத்தா குஞ்சைக் கீழே விட்டாள். சாணிக் கையாலேயே என் இடது கையைப் பிடித்து இழுத்தாள். எனக்கு வலித்தது. சுண்டுவிரல் அடியில் இருந்த அந்த மொட்டை அத்தை முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"பாருங்க. இவ ஆறு வெரலோடதான் பொறந்தா. நாந்தான் கட்டி விழ வச்சேன். கேட்டுக்கங்க எல்லாரும்."

"பாலுண்ணியக் காட்டி வெரலுங்கிறா!" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. வேலிக்கு வெளியே மறுபடியும் சிரிப்பு.

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது. பூனைக்கண் போதாதென்று ஆறு விரலும் சேர்ந்துகொண்டது. கையை உருவப் பார்த்தேன். உருவ முடியவில்லை, ஏனென்றால் இப்போது அத்தை பிடித்திருந்தாள். அவள் அந்த மொட்டின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அமுக்கி, கொஞ்சம் உருட்டினாள். உள்ளே ஒரு துளி எலும்பு மாதிரித் தட்டும், எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்தது. முகத்தில் இருந்த கோபம் வடிந்து, வேறு என்னவோ வந்தது. பயந்துபோன முகம் மாதிரி இருந்தது.

"எல்லாரும் அவுங்கவுங்க வீட்டுக்குப் போங்கடி" என்றாள். "கோழி என்னுது. நான் பாத்துக்கிறேன்."

பக்கத்து வீட்டுக்காரி போன பிறகு அத்தை எங்களை அடுப்படிக்குள் தள்ளிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"எதுல கட்டுன?" என்று ஆத்தாவைக் கேட்டாள்.

"குதிரை மயிருல. மருத்துவச்சிதான் கட்டுனா. சுருங்கிக் கறுத்துத் தானா விழுந்துருச்சு."

"எனக்கு எங்காத்தா பட்டு நூலுல கட்டுனா" என்றாள் அத்தை.

தன் இடது கையை நீட்டினாள். நான் அவள் கையால் எத்தனையோ தடவை சாப்பிட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. சுண்டுவிரல் அடியில் அதே இடத்தில் அதே பயறு. ஆத்தாவும் பார்த்ததில்லை. இத்தனை வருசம் ஒரே வேலிக்கு இரண்டு பக்கமும் இருந்துகொண்டு, இரண்டு பேரும் ஒரே சங்கதியை ஒருத்திக்கு ஒருத்தி மறைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு ஆறாம் விரல் ராசி. பெண்பிள்ளைக்கு இருந்தால் போகிற இடத்தை ஆட்டிவைக்கும் என்பார்கள், பெண் எடுக்க மாட்டார்கள். அதனால் பெண் பிறந்தால் பேறு பார்த்தவளும் பெற்றவளுமாக, ஆண்களுக்குத் தெரியாமல், தீட்டுக் கழிவதற்குள் கட்டி விழ வைத்துவிடுவது வழக்கம். அப்பாவுக்கே தெரியாது. பிறந்த குழந்தைக்குக் கண் நிறம் தெரியாது, மாதக்கணக்கு ஆகும். என் கண் வெளிறப்போகிறது என்று ஆத்தாவுக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால் அந்த விரலைக் கட்டியிருப்பாளா? அப்பன் அடையாளத்தை அவளே அறுத்துப் போட்டுவிட்டாள். கட்டின மருத்துவச்சியும் செத்துப்போனாள்.

"அப்பவே சொல்லியிருக்க வேண்டியதுதானடி" என்றாள் அத்தை.

"சொன்னா யாரு நம்புவா? கண்ணு போதாதுன்னு ஆறு வெரலுன்னும் ஊரு பேசும். ஒங்களுக்கே தெரிஞ்சா எம் மகள எடுக்க மாட்டீகன்னு பயந்தேன்" என்று ஆத்தா அழுதாள். அழுதுகொண்டே, "இப்ப நீங்க வெளிய வந்து சொல்லுங்க மதினி. ஒங்க கையக் காட்டிச் சொல்லுங்க. ஒங்க சொல்ல ஊரு நம்பும்" என்றாள்.

அத்தை தன் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"தாலியறுத்தவ. இனிமே தெருவுல நின்னு, எனக்கும் இருந்துச்சு, மறைச்சுத்தான் கட்டிக்குடுத்தாகன்னு எப்புடிடி சொல்லுவேன்? அதுனாலதான் புருசனத் தின்னேன்னு சொல்லுவாளுக." கையை வெளியே எடுக்காமலே, "ஒம் மகள நான் எடுத்துக்கிறேன். அது போதாதா?" என்றாள்.

"போதாது மதினி" என்றாள் ஆத்தா.

ஆனால் அன்றைக்கு அதுதான் கிடைத்தது. அத்தை போகும்போது தம்பியைத் தனியே கொட்டகைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். என்ன பேசினார்கள் என்று தெரியாது. மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த அப்பா, பரிமாற வந்த ஆத்தாவிடம், "சின்னப்புள்ளைய வந்து போடச் சொல்லு" என்றார். நான் சோற்றுக் கரண்டியோடு போய் நின்றேன். அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்திருந்தால் என் கண்ணையும் பார்த்திருப்பார். நான் நிமிரவில்லை. வெட்கம். அத்தனை வருசம் காத்திருந்தது வந்தபோது எனக்கு அதை வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை. குழம்பை ஊற்றுகிறேன் என்று இலைக்கு வெளியே ஊற்றிவிட்டேன். "பரவாயில்ல தாயி" என்றார்.

வீட்டுக்குள்ளே சரியாகிவிட்டது. தெருவில் சரியாகவில்லை. பாலுண்ணிக் கதை என்று ஒன்று கூடுதலாகச் சேர்ந்ததுதான் மிச்சம். ஆத்தா தண்ணீருக்குப் போனால் யாராவது ஒருத்தி தன் கையில் இருக்கிற மருவைக் காட்டி, "இது யாரு வெரலுன்னு பாத்துச் சொல்லேன்" என்பாள். ஆத்தா தலையைக் குனிந்துகொண்டு வருவாள். அவள் நடையும் என் நடை மாதிரி ஆகிவிட்டது.

அந்தச் செவலைக்குஞ்சை அத்தை தன் பங்கிலே எடுத்துக்கொண்டாள். கருப்பருக்கு ஆகாது, ஆனால் விற்கவும் இல்லை, அறுக்கவும் இல்லை. அது பெட்டையாக வளர்ந்தது. அதை அந்தக் கறுப்புச் சேவலோடேயே அடைத்து, பஞ்சாரத்துக்குள் வேறு எதுவும் அண்டாமல், அத்தை தானே பார்த்து அடைவைத்தாள். குஞ்சு பொரித்தால் என்னைக் கூப்பிடுவாள். கறுப்பில் மொட்டைக் கழுத்து இருக்கும், கறுப்பில் இறகுக் கழுத்து இருக்கும். செவலையில் மொட்டை, செவலையில் இறகு. நாலு தினுசும் வரும். நிறம் ஒரு பக்கம் போகும், கழுத்து ஒரு பக்கம் போகும். ஒன்றைப் பார்த்து ஒன்றைச் சொல்ல முடியாது. அத்தை அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே விடுவாள். அவள் மனசு அறுத்துக்கொண்டு இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

சொன்னபடி என்னை எடுத்துக்கொண்டாள். கல்யாணப் பெண் குனிந்த தலை நிமிரக் கூடாது. அது எனக்குச் சுலபமாக இருந்தது. கண்ணைப் பார்க்க வேண்டும் என்று பெண்கள் குனிந்து குனிந்து பார்த்ததுதான் கஷ்டம். "அயித்தக்காரி கெதியத்துப் போயி எடுத்துக்கிட்டா" என்று பந்தியிலேயே பேசிக்கொண்டார்கள். ஆத்தா கேட்டுக்கொண்டே இலை போட்டாள்.

வெள்ளைக்காரன் கப்பலேறின காலத்தில்தான் எனக்குத் தலைச்சன் பிறந்தான். முந்தியா பிந்தியா என்று நினைவில்லை. ஆண். இடது கையில் சுண்டுவிரல் பக்கத்தில், நகத்தோடு, அப்பாவுக்கு இருந்தது போலவே ஒரு விரல். ஆண்பிள்ளை என்பதால் யாரும் கட்டச் சொல்லவில்லை. எனக்குத்தான் பயம். என் மகனை ஊர் பார்க்கும் என்று, அடுப்படியில் ஒரு பட்டு நூலைத் தேடிக்கொண்டிருந்தேன். அத்தை வந்து நூலைப் பிடுங்கினாள்.

"கட்டாத. ஒரு தடவ கட்டினது போதும்."

மாதங்கள் போய் அவன் கண்ணும் தெளிந்தது. என் கண். அதே தேன்தண்ணீர், அதே பச்சை ஓரம். நான் அவனை வெளியே தூக்கவே இல்லை. ஒருநாள் வெயிலுக்காக வாசலில் போட்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரி வந்து குனிந்தாள்.

"அடி, தாயாட்டமே மோருக் கண்ணு! பாட்டி ஊத்துன மோரு பேரன் வரைக்கும் வடியுதே" என்றாள்.

உள்ளே உரலில் குத்திக்கொண்டிருந்த அத்தை உலக்கையைச் சாத்திவைத்துவிட்டு வந்தாள். பிள்ளையைத் தூக்கினாள். தெருவுக்கே போய்விட்டாள். வயசாகி முதுகு கூனியிருந்தது அவளுக்கு. ஒரு கையில் பிள்ளையின் கையை விரித்துப் பிடித்து, அதன் பக்கத்தில் தன் இடது கையை வைத்தாள்.

"வாங்கடி, எல்லாரும் வந்து பாருங்க. இது ஏந் தம்பி வெரலு. ஏந் தம்பிக்கு இருக்கு, எனக்கு இருந்துச்சு, எம் மருமகளுக்கு இருந்துச்சு. பொம்பளைகளுக்கு மறைச்சுக் கட்டுனோம். இந்தா, கட்டுன தடம். தொட்டுப் பாரு. பாலுண்ணியான்னு தொட்டுப் பாருடி!"

பக்கத்து வீட்டுக்காரி தொடவில்லை. "எனக்கென்ன வந்துச்சு மதினி" என்று முனகிக்கொண்டு போனாள். வேறு சிலர் வந்து தொட்டார்கள். ஒரு கிழவி நெடுநேரம் உருட்டிப் பார்த்துவிட்டு, ஆத்தா வீட்டு வேலிப்பக்கம் திரும்பி, "பாவம்டி அவ" என்றாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆத்தா நெல் அவித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். நான் ஓடிப்போய், "ஆத்தா, அயித்த சொல்லிருச்சு" என்றேன். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவில்லை. விறகை இழுத்துத் தீயைக் குறைத்தாள்.

"ஆம்பளப்புள்ள பொறந்துதான் சொல்லணுமா இருக்கு" என்றாள். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

இதைத்தான் பேத்தியிடம் உளறினேன். அவள் தரையில் சாக்கட்டியால் கட்டம் கட்டமாகப் போட்டு, பட்டாணிக்கு நிறம் ஒன்று, சுருக்கம் ஒன்று என்று இரண்டு குணம் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். விரல் மாதிரிக் குணம் ஒரு பக்கமிருந்து வந்தாலே வெளியே தெரிந்துவிடுமாம். பூனைக்கண் அப்படி இல்லையாம். அநேகமாகத் தாய் பக்கமும் தகப்பன் பக்கமும் இரண்டிலும் ஒளிந்திருந்தால்தான் வெளியே வருமாம். "அப்ப, அப்பத்தா, ஒங்க கண்ணு ஒங்கப்பா வீட்டுலயும் இருந்திருக்கு. தாத்தாகிட்டயும் இருந்திருக்கு. இல்லாட்டி ஒங்களுக்கும் வந்திருக்காது, ஒங்க மகனுக்கும் வந்திருக்காது" என்றாள். அத்தைக்கும் அநேகமாக இருந்திருக்கும் என்றாள். எனக்குக் கீரையைக் கிள்ள ஓடவில்லை. வெளியாள் கொடுத்தது என்று எதைச் சொல்லி ஆத்தாவைச் சிரித்தார்களோ, அதுவும் அப்பா வீட்டுச் சொத்துதானா? அந்தச் செவலை நிறமும் அந்தக் கறுப்புச் சேவலுக்குள்ளேயே இருந்ததுதானா? இது ஆத்தாவுக்கும் தெரியாது, அத்தைக்கும் தெரியாது. இரண்டு பேரும் போய்விட்டார்கள்.

இன்னொன்றும் சொன்னாள். சில குணங்கள் ஒரே வண்டியில் ஏறி ஒன்றாகவே வருமாம். சிலது தனித்தனி வண்டியில் வருமாம். கண்ணும் விரலும் எப்படி என்று கேட்டேன். ஒங்க பிள்ளைகளைச் சொல்லுங்க, பார்ப்போம் என்றாள். தலைச்சனுக்கு இரண்டும். அடுத்தவளுக்கு விரல் உண்டு, கண் கறுப்பு. அவளுக்கும் நான் கட்டவில்லை. அதற்கடுத்தவனுக்கு விரல் இல்லை, கண் என் கண். நாலாவது ஒன்று பிறந்து, கண் நிறம் தெரிவதற்குள்ளேயே போய்விட்டது. அதன் கையில் விரல் இருந்ததா என்று பேத்தி கேட்டாள். எனக்கு நினைவில்லை. பெற்றவளுக்கு நினைவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்தச் சமயம் நான் குழந்தைகளின் கையையும் கண்ணையும் நேராகப் பார்க்கப் பயந்துகொண்டிருந்தேன்.

படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், பேத்தி சொன்னதை நான் சரியாகத்தான் எழுதியிருக்கிறேனா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கட்டம் எத்தனை போட்டாள் என்பதும் எனக்குக் குழம்பிவிட்டது. கோழிக்கு நான் சொன்ன நாலு தினுசும் அப்படித்தான் வருமா, கண்ணும் விரலும் தனித்தனி வண்டிதானா என்பதையும் பாருங்கள். தப்பாக இருந்தால் அடித்து எழுதிவிடுங்கள். ஆத்தாவைப் பற்றி எழுதினதை மட்டும் அடிக்க வேண்டாம்.